உதடு அசைந்தபோது நான் சொன்னது

சின்னவளுக்கு அப்பா எழுதுவது. எழுத்து ஒன்று மேலே ஒன்று கீழே போவதைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளாதே, இதற்கே நாலு நாள் ஆகிறது, ஆனால் ஒவ்வொன்றும் நானே போட்டது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் டீச்சரம்மா, வீட்டில் இருக்கும் எதையாவது படித்துப் பழகுங்கள் என்றார். தையல் மெஷின் டிராயரில் இருந்த உன் கடிதங்களை எடுத்தேன். இரண்டாவது கடிதத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். நீ மதங்களைப் பற்றிப் படிக்கிறாயாம். ஆபீஸ் நிர்வாகம் படிப்பதாகத்தான் மூன்று வருஷமாக உன் அக்கா எனக்கு வாசித்துக் காட்டினாள், நானும் என் மகள் மேனேஜர் ஆகப்போகிறாள் என்று நான் பாய்லர் பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமாப்பா, மாத்தித்தான் படிச்சேன். மதம்னு சொல்லியிருந்தா, பொண்ணு சாமியாராப் போயிடுவான்னு நீங்க அன்னிக்கே ரயில் ஏறியிருப்பீங்க" என்றாள். ஏறியிருப்பேன்தான். அப்புறம் ஒவ்வொன்றாகப் படித்தேன். காலையில் நட்சத்திரம், மதியம் மதம், சாயங்காலம் சங்கீதம், ஒரே படிப்பில் இத்தனையா? கடவுளே இல்லை என்கிற பிள்ளையும் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாடம் படிக்கிறாளாம், வாத்தியார் யாரையும் எந்த மதத்திலும் சேர்ப்பதில்லையாம். வாயைப் பிளந்துவிட்டேன்.

பெரிய அதிர்ச்சி அதற்கு மேல் இருந்தது. பிரார்த்தனைக் கூடத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பீர்களே, என்ன சொல்வீர்கள், வகுப்புக்கு எழுத வேண்டும் என்று போன வருஷம் கேட்டிருக்கிறாய். உலகத்து உயிரெல்லாம் நலமாக இருக்க வேண்டுவேன் என்று நான் சொன்னதாக அக்காவே எழுதிப் போட்டிருக்கிறாள். இந்த மாசக் கடைசியில் நீ கொடுக்கப்போகும் பெரிய கட்டுரை அந்த வரியில்தான் தொடங்குகிறதாம். அம்மாடி, அதை நான் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்போது எழுத்தே தெரியாதே. எல்லாரும் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்கும்போது சும்மா நிற்க வெட்கமாக இருக்கும், பக்கத்தில் நிற்பவர் தாளைத் திருப்பினால் நானும் திருப்புவேன். எனக்கு மனப்பாடம் ஒன்றே ஒன்று, பழைய போர்மேன் சொல்லிக்கொடுத்த பாய்லர் பாடம், அதைத்தான் சொல்வேன். தண்ணீர் மட்டம் பார், அழுக்குத் தண்ணீரை வெளியே விடு, நெருப்பை மூட்டு, பிரஷர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறதா பார், மேல் மாடியில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், மறுபடியும் தண்ணீர் மட்டம் பார். இருபத்தாறு வருஷமாக இதேதான். மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுது, என் பேரில் பொய் நிற்க வேண்டாம்.

போன வாரம் கூடத்தில் முதல் தடவையாகப் புத்தகத்தை நிஜமாகவே படித்தேன். மூன்று வரி முடிப்பதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், நான் மட்டும் பனைமரம் மாதிரி நின்றேன். வரிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் மேல் மாடிக்காரர்களை விட்டுவிட்டு வந்ததுபோல மனசு கேட்கவில்லை, வாசலில் நின்று பழையதை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அது பிரார்த்தனையில் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியாது, படிக்கிறவள் நீ, சொல்.

நல்லபடியாக இரு, உன் படிப்பும் நல்லபடியாக முடியட்டும். அக்காவைத் திட்டாதே, நானே திட்டிவிட்டேன். உன் கடிதத்தை இனி என் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரமும் எழுதுவேன், இன்றைக்கே ஆரம்பித்தால்தான் முடியும்.

சொந்தக் கையால்,
அப்பா