மூடிய வீட்டிலிருந்து

வடக்குக் கடலோர அரண்மனையில் சுவரோவியம் தீட்டும் என் கணவர் கான் சுவென் அவர்களுக்கு, இஷ் தூன் வணங்கி எழுதுவது.

நலம். உங்கள் கை நடுக்கம் குறைந்ததா? என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா சொல்லிக்கொடுத்ததும் உங்களுக்கு மை அரைக்கும்போது பார்த்துப் பழகியதும்தான். தாள், நீங்கள் விட்டுப்போன அத்திப்பட்டைத் துண்டு.

இங்கே இன்னும் மழை இல்லை. கோயில் குளத்தில் தண்ணீர் கடைசிப் படியையும் விட்டு இறங்கிவிட்டது. குயவர் பக்கம் பாதி வீடுகள் காலி. மன்னர் உங்களையெல்லாம் அழைத்துக்கொண்டு போனபிறகு கோயில் படிகளைப் பெருக்க ஆளில்லை. காட்டு வான்கோழிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

உப்புச் சுமைக்காரர் கவிச் வந்தார். வீட்டை மூடிவிடும்படியும், திரும்பும்போது கொண்டுபோக வேண்டியதைத் தயாராக வைக்கும்படியும் நீங்கள் சொன்னதாக உங்கள் தம்பி மோவிடம் சொல்லிவிட்டுத் தெற்கே விற்கப் போனார். என்னை அழைத்திருக்கிறீர்கள் என்று மோ எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே பெண் இருக்க யாராவது வீட்டை மூடச் சொல்வார்களா? பயணம் போகத் தலைமுழுகலாம் என்று குளத்துக்குப் போனேன்.

திரும்பி வருவதற்குள், ஊரைவிட்டே போகிறவர்கள் வீட்டை மூடும் முறைப்படி எல்லாம் முடிந்திருந்தது. அம்மி இரண்டாக உடைந்து கிடந்தது. தட்டுகளின் நடுவில் மோ துளையிட்டிருந்தார். மூன்று அடுப்புக்கற்களையும் பெயர்த்து வெளியே உருட்டி, தரையில் வெள்ளை மண் பரப்பி, குங்கிலியம் புகைத்துக்கொண்டிருந்தார். "ஒரு குறையும் வைக்கல அண்ணி. அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றார். அழுதிருந்தார். தரைக்கடியில் நாம் அடக்கம் செய்த நம் மகள் படுத்திருக்கும் இடத்தில் குனிந்து, "சக் நிக், நாங்க எல்லாரும் கெளம்பிட்டோம் கண்ணு. அம்மாவும் போயிட்டா. நீ தூங்கு" என்று தரையிடம் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன்.

கவிச் தெற்கிலிருந்து திரும்பியதும் மூட்டையோடு மோவுடன் போய் நின்றேன். அவர் சுமையைத் தாங்கும் நெற்றிப்பட்டையைத் தளர்த்திவிட்டு எங்களைப் பார்த்தார். "பொம்பளையக் கூட்டிட்டு வான்னு யாரு சொன்னா? தூரிகைப் பெட்டியும் சங்கு மைக்கூடும்தான கேட்டாரு!" என்றார். அண்ணியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா என்று மோ கேட்டார். "உப்புத் தூக்குறவன்கிட்ட ஊருக் கதையெல்லாம் கேக்காதப்பா" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "அங்க அவருக்குக் கஞ்சிக்கு ஒண்ணும் கொறையில்லம்மா" என்று குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது யார் என்று நான் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

பெட்டியையும் மைக்கூட்டையும் இந்தக் கடிதத்தோடு அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். மைக்கூட்டின் உள்ளே காய்ந்திருந்த சிவப்பைக் கழுவிவிட்டேன். முயல்முடித் தூரிகை ஒன்றைப் பூச்சி அரித்துவிட்டது.

மூடிய வீட்டுக்கு யாரும் நெருப்புத் தருவதில்லை. குயவர் மனைவி இஷ் பென்னிடம் தணல் கேட்டுப் போனேன். "செத்த வீட்டுக்கு நெருப்பு குடுத்துட்டு நான் எங்கடி போய் நிக்க? நீ வேணா இங்க வந்து தின்னு. ஆனா அந்தத் தரைய மிதிச்ச காலோட உள்ள வராத" என்றாள். மனம் கேட்காமல் மக்காச்சோள மாவுருண்டையை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன். மோ தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். "தப்பு என்னுதுதான் அண்ணி, தண்டனை எதுக்கு உங்களுக்கு?" என்று வெளியே நின்று அழுகிறார். நான் போகவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

தினமும் விடிந்ததும் நம் மகள் தலைமாட்டில் ஒரு கை கஞ்சி ஊற்றிப் பேசுவேன். இப்போது அது கூடாது. போய்விட்டோம் என்று சொன்னபிறகு நம் குரல் கேட்டால் இறந்தவர்கள் தேடி எழுந்து வழி தவறிவிடுவார்கள் அல்லவா? அதனால் கால் சத்தம் கேட்காமல் நடக்கிறேன். நேற்றுத் தும்மல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அம்மா போய்விட்டாள் என்று நினைத்து அவள் தனியாகப் படுத்திருக்கிறாள். நான் அவளுக்கு மேலேயே படுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் தம் கையால் மூன்று கற்களையும் திரும்ப வைத்தால் வீடு திறந்துவிடும். கற்களைப் பொறுக்கி வாசலில் வைத்திருக்கிறேன், ஒன்றில் விரிசல். ஆனால் உங்களை வரச் சொல்லவில்லை. மன்னர் வேலை இருக்கும். என்னை அழைக்கவும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் சொல் வந்தால், வீட்டை மூடிய மோவே தரையிடம் மறுபடி பேசலாம். அடுத்தமுறை கவிச் வரும்போது உங்கள் தம்பிக்குச் சொல்லி அனுப்புங்கள்: "உங்க அம்மா போகல, இங்கதான் இருக்கா" என்று சக் நிக்கிடம் சொல்லட்டும். அது மட்டும் போதும். பிறகு நான் அவளிடம் பேசிக்கொள்வேன்.

உங்கள் பக்கம் மழை பெய்யட்டும். நீங்கள் தீட்டிய சுவர் மட்டும் நனையாதிருக்கட்டும். அடுப்பெரியும் வீட்டில் சூடாக உண்டு, நன்றாக இருங்கள்.

சக் நிக்கின் அம்மா,
இஷ் தூன்