நான்கு இருக்கை, ஒரு மேசை

யோர்ன்,

கோடை விடுமுறைக்கு பாசாவ், பாம்பெர்க் இரண்டையும் முடிவு செய்துவிட்டேன். சின்ன ஊர்கள். ரயிலைவிட்டு இறங்கினால் விடுதிக்கு நடந்தே போய்விடலாம். யாரும் கார் ஓட்ட வேண்டியதில்லை.

நீ டில்லோடு கார் ஓட்டி வந்த பக்கத்துக்கு லாரிதான் ஏறி வந்து மோதியது என்று போலீஸ்காரர்கள் மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் இல்லை.

நேற்று மரைக்கேயைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போனேன். "பிள்ளைங்களுக்குக் காசு கிடையாதுங்க. எத்தனை பேர்னு மட்டும் டிக்கெட்ல போடணும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ரெண்டு" என்றேன்.

மரைக்கே என் சட்டையை இழுத்தாள். "அம்மா, டில்தான் இல்லையே."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் மாற்றச் சொல்லவில்லை. காசு வாங்காததை எதற்காக மாற்றுவது?

வெளியே வந்ததும், "ரயில்னா அப்பா வருவாராம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நீ இப்போது இருக்கும் உன் அம்மா வீட்டு வாசலிலிருந்தே ஸ்டேஷனுக்கு டிராம் வருகிறது.

நான்கு இருக்கை, நடுவில் மேசை. டில்லின் இருக்கையில் பைகளை வைத்துக்கொள்வோம். உன்னுடையதில் வைக்க எங்களிடம் வேறு பை இல்லை.

உன் மனைவி