நாற்பது நாள் புல்

1912 ஜனவரி 20, சனி

என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணிப் பத்தொன்பது நாள். கொழுந்தனார் அப்பாத்துரை வந்து சொல்லிவிட்டுப் போனார்: "மதினி, நாப்பதாம் நாள் ஜெபம் முடியாம புல்லுக்காட்டுல அருவா வைக்கப்பிடாது. செத்த வீட்டு வழக்கம்."

புல் இடுப்பு உயரம். கதிர் விட்டாயிற்று. மாடு இரண்டும் கோடையைத் தாண்ட இந்த ஒரு அறுப்புத்தான். ஆனாலும் சரி என்றேன். துக்கத்தில் இருக்கிறவள் புல்லைப் பற்றிப் பேசினால் ஊர் என்ன சொல்லும்?

ஜனவரி 24

அப்பாத்துரை தம் புல்லை அறுத்துப் படப்பாகக் குவித்துவிட்டார். செத்தது அவர் அண்ணன்தானே? கேட்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று ஜெபம் முடிந்தது. கோயில் உபதேசியார் தேவதாசன், "புல்லை ஏன் இப்படி முத்த விட்டிய?" என்றார். சொன்னேன். "இது எந்த வேதத்துல இருக்கு?" என்றார். ஆறுதல் சொல்ல ஐந்து தடவை அந்தப் புல்லைத் தாண்டித்தான் வந்தார்.

பிப்ரவரி 13

ஒரு கட்டு அறுத்துப் போட்டேன். எல்லாம் குச்சி. செவலைப் பசு மோந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

பிப்ரவரி 15

அப்பாத்துரை: "ஒத்தப் பொம்பளையால ஆவாது மதினி. தீ வச்சிட்டு, காட்டை எம்பேருக்கு எழுதிக் குடுங்க. மாட்டுக்கு நான் வைக்கோல் போடுதேன்."

நல்ல மனுஷன். நாற்பது நாளும் எனக்காக யோசித்திருக்கிறார். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 16

ஏன் என்னைய இப்படி விட்டுட்டுச் செத்துப் போனிய? ஒரு மாசம் பொறுத்துப் போனா என்ன — புல்லை அறுத்துட்டு?

பிப்ரவரி 19

கூலிக்கு அறுக்க வரும் இசக்கியம்மா காட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஏ தாயி, இது இனி மாட்டுக்கு ஆவாது. கூரைக்கு இதைவிட நல்ல புல்லு ஏது? நாங்க அறுத்துப் பாதி எடுத்துக்கிடுதோம். தீ மட்டும் வச்சிராத, தூரு கருகிப்போவும். தரையோட ஒட்ட அறுத்தா ஒரு மழைக்குப் பச்சை புடிச்சிரும்."

மார்ச் 2

ஆறு பேர் அறுத்து முடித்தோம், என்னையும் சேர்த்து. கையெல்லாம் கீறல். மாட்டுக்குப் பனையோலை கிழித்துப் போடுகிறேன். மழை வராவிட்டால்?

மார்ச் 20

வரவில்லை.

மார்ச் 23

இரண்டு நாளாக நல்ல மழை.

ஏப்ரல் 6, சனி

நாளை பண்டிகை. அப்பாத்துரை பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டார். புதுப்புல் முழங்காலுக்கு நிற்கிறது. செவலை தலை தூக்காமல் மேய்ந்தது.

"யோசிச்சியளா மதினி?"

"யோசிச்சேன் தம்பி. காடு எங்கிட்டயே கெடக்கட்டும். கூரைப்புல்லு வேணுமுன்னா நாலு கட்டு தூக்கிக்கிடும்."

பத்திரக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் குனிந்து வரப்போரம் அறுத்தேன். அரிவாள் ஒரு கல்லில் பட்டு முனை மழுங்கிவிட்டது. வந்ததே கோபம். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இந்தக் கல்லைப் பெறக்கிப் போடுங்கன்னு! கேட்டாத்தானே!"

அப்பாத்துரை மிரண்டு, "யாரைச் சொல்லுதிய?" என்றார்.

"உங்க அண்ணனை" என்றேன்.

வீடு வந்து சேர்கிற வரை திட்டிக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் போல.