நாற்பத்தோராவது பெயர்

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலம்தானே.

செத்துப்போனவளின் பெயரைப் பதினோரு வருடம் வருகைப் பதிவேட்டில் வைத்திருந்தேனாம், கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று தொழிற்சாலையில் பேசிக்கொள்கிறார்களாம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் இதே பேச்சு என்று என் மகள் சொன்னாள். தவறு. பதினோரு வருடம் அல்ல, ஒன்பது வருடம் நான்கு மாதம். புத்தியும் தடுமாறவில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன். இனி அவள் வழியாகக் கேட்டனுப்பாதீர்கள்.

இன்று நீங்கள் உட்காரும் அதிகாரி நாற்காலியில், மூன்று மாதம் முன்பு ஓய்வு பெறும்வரை நான் இருந்தேன். தினமும் காலை எட்டு மணிக்குக் கையுறைத் தையல் பிரிவில் நின்று நாற்பத்தோரு பெயரையும் நானே வாசிப்பேன். கான்வென்டில் சிஸ்டர்கள் வாசித்ததுபோல, அவசரமில்லாமல், பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல். கடைசிப் பெயர் ஊசி. அவள் பெயரில் இன்னொருத்தியும் இருந்ததால் பதிவேட்டிலும் பட்டப்பெயரே நின்றுவிட்டது.

தோல் கையுறையில் கட்டைவிரலைத் தைப்பதுதான் கடினமான வேலை. அது ஊசியின் வேலை. இரட்டை முடிச்சுப் போட்டு முடிப்பாள். வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. அவள் தைத்தது பிரிந்து திரும்பி வந்ததே இல்லை. என் சமையலறையில் சூடான பாத்திரம் இறக்க ஒரு பழைய கையுறை வைத்திருக்கிறேன். அதன் கட்டைவிரல் பிரிந்து இரண்டு வருடமாகிறது. அது அவள் தைத்ததல்ல.

அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை, வாய்ப்பழக்கத்தில் அவள் பெயரையும் வாசித்துவிட்டேன். நாற்பது பெண்கள் முன்னால் எனக்கு முகம் சுட்டது. தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழக்கமில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து, “இருக்கேம்மா” என்று பதில் வந்தது. யாரோ ஒருத்தி என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று எண்ணி, வந்ததாகக் குறித்தேன். மாலையில் பெட்டிகளை எண்ணினால் நாற்பத்தோரு பேரின் வேலை இருந்தது. மறுநாளும் வாசித்தேன். பிறகு நிறுத்தவில்லை. அவள் பெயரில் யாரும் ஒரு காசு வாங்கியதில்லை.

இவ்வளவுதான். மேஜையில் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தாய்


ஜூன் 7

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். அன்று நான் பேசியதற்கு மன்னியுங்கள். உங்கள் மகள் இரண்டு நாளாக என்னிடம் உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை.

ஆனால் உங்கள் உதவி எனக்கு வேண்டும். நான் வந்ததும் கைரேகை இயந்திரம் வைத்து, பெயர் வாசிப்பதை நிறுத்தினேன். அன்றிலிருந்து நாற்பது பேருக்கு நாற்பது பேரின் வேலைதான் வருகிறது. மேலிடத்திலோ ஒன்பது வருட உற்பத்தி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிரிவு சரிகிறது என்கிறார்கள். மூடிவிட்டு வெளியில் தைத்து வாங்கலாமா என்று இருபத்தெட்டாம் தேதி முடிவு செய்வார்கள். நாற்பது குடும்பம், அத்தை.

நாற்பது பேரையும் தனித்தனியாக விசாரித்தேன். ஊசிக்காகப் பதில் சொன்னது நானில்லை என்கிறார்கள். கூடுதலாக யாரும் தைக்கவும் இல்லையாம். ஒவ்வொருத்தியும் தைத்ததைக் குறிக்கும் பழைய வேலைச் சீட்டுகளைக் கூட்டினேன். நாற்பது பேரின் வேலைதான் வருகிறது. அதே நாட்களில் பெட்டிகள் மட்டும் நாற்பத்தோரு பேருக்கு.

மூத்த தையல்காரி சொன்னாள்: “உங்க மெஷின் வெரலத் தொட்டுப் பாக்குது சார். பழைய அம்மா ஒவ்வொரு பேராச் சொல்லிக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டாத்தானே வருவாங்க?”

“யாரு வருவாங்க?” என்றேன்.

“நாங்கதான் சார். வேற யாரு?” என்று சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

நான் என்ன செய்யட்டும்?

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எங்கள் காலத்தில் பணியாளர் அலுவலர் என்றார்கள். நீங்கள் மனிதவளம் என்கிறீர்கள், நிலக்கரிவளம் மாதிரி. வெட்டி எடுத்தால் போதும் என்ற நினைப்பு. தினமும் ஒருமுறை தன் பெயரை ஒருவர் முழுதாகச் சொல்லக் கேட்டவள் அன்று கோணலாகத் தைக்கமாட்டாள். எனக்குத் தெரிந்த நிர்வாகம் அவ்வளவுதான்.

வாசியுங்கள். நாற்பத்தோரு பெயரையும். என்ன ஆனாலும் தலை நிமிராதீர்கள்.

நீங்கள் கேட்காததையும் எழுதிவிடுகிறேன். யாரோ ஒருத்தி என்று முன்பு எழுதினேன். அது உண்மையல்ல. அவள் உயிரோடிருந்த பதினெட்டு வருடமும் தினம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? அதனால்தான் நான் நிமிரவில்லை. முதல் நாள் வாசித்தது தவறுதான். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அத்தை


ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

பன்னிரண்டாம் தேதி முதல் வாசித்தேன். கடைசிப் பெயருக்குப் பதில் வந்தது. நான்கு நாளும் நாற்பத்தோரு பேரின் வேலை வந்தது. பெண்கள் பாட்டும் கேலியுமாக இருந்தார்கள்.

ஐந்தாம் நாள் நிமிர்ந்துவிட்டேன். பதில் வந்துகொண்டிருக்கும்போதே நிமிர்ந்தேன். நாற்பது வாயும் மூடியிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையில், மேஜைமேல் எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும் ஸ்டூல் தரையில் நின்றது, யாரோ இப்போதுதான் எழுந்தது போல.

மறுநாளிலிருந்து பதில் இல்லை. பெண்கள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறார்கள். நேற்று முப்பத்தாறு பேரின் வேலைகூட வரவில்லை. நீங்கள் வந்து ஒருமுறை வாசித்தால் நல்லது. வண்டி அனுப்பட்டுமா?

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 22

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

வண்டி வேண்டாம். நான் வரத் தேவையில்லை.

மறதி வந்துவிட்டதா என்று சோதிக்க, ஓய்வுக்குப் பிறகும் காலை எட்டு மணிக்கு நாற்பத்தோரு பெயரையும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். நேற்று வந்த உங்கள் கடிதத்தைப் படித்த கலக்கத்தில் இன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடைசிப் பெயரைச் சொன்னதும் சமையலறையிலிருந்து பதில் வந்தது. “இருக்கேம்மா.”

நான் தனியாக இருப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும்.

தரையைப் பார்த்தபடியே போனேன். அடுப்புப் பக்கத்தில் அந்தப் பழைய கையுறை இருந்தது. கட்டைவிரல் தைத்திருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்தேன். இரட்டை முடிச்சு.

பயம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிடக் கோபம் வந்தது. “வேலை நேரத்துல இங்க என்னடி பண்றே? அவரு புதுசு, தெரியாம நிமிந்துட்டாரு. அதுக்குக் கோவிச்சுக்கிட்டு வந்துடுவியா? அங்க நாப்பது பேரு பொழப்பு தொங்குது. போ, போய் உன் எடத்துல உக்காரு” என்றேன். சொல்லிவிட்டு வாசல் கதவைத் திறந்துவைத்து, சுவரோரமாக ஒதுங்கி, குனிந்தபடியே நின்றேன். கொஞ்ச நேரம் தோல் வாசனை வந்தது. பிறகு இல்லை.

கதவைச் சாத்திவிட்டு ஊசி என்று இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வீடு இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லாப் பெயரையும் வாசியுங்கள். நிமிராதீர்கள். அவள் வந்து சேர்ந்தாளா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லாதீர்கள், குரல்களை இனி நான் நம்புவதில்லை. வந்தாள் அல்லது வரவில்லை என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, தபாலில் அனுப்புங்கள்.

உங்கள் அத்தை