நோய் தாங்கும் வெள்ளரி

மார்ச் 3
நர்சரிக்காரர் கொடுத்த புது வெள்ளரி விதைகளைப் பேப்பர் கப்பில் போட்டேன். நோய் தாங்கும் ரகமாம். போன வருஷம் தேமல் வந்து இலையெல்லாம் மஞ்சள் திட்டாகிச் சுருண்டதைப் பார்த்தவன் நான். இனி அந்த வம்பே வேண்டாம்.

பக்கத்து வீட்டில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு பாக்கெட் நீட்டினேன். "நீயே வச்சுக்கோ. எனக்கு அவர் விட்டுட்டுப் போனது போதும்" என்றாள். அத்தான் போய் ஐந்து வருஷம். அவர் சேர்த்த விதை. வருஷா வருஷம் ஒரு காயைக் கொடியிலேயே பழுக்கவிட்டு விதை எடுத்து வைக்கிறாள். வேறு எதிலும் அவளுக்குப் பிடிப்பில்லை.

மார்ச் 9
எட்டுக்கு எட்டும் முளைத்துவிட்டது! மனைவியிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. நாலாவது தடவைக்கு அடி விழும்.

ஏப்ரல் 4
என் பந்தல் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. பக்கக் கிளைகளைக் கத்தரிக்கோலால் கழித்த கையோடு அக்கா வீட்டுக்கும் போய் அவள் கொடிகளையும் கழித்துக் கொடுத்தேன். "பரவாயில்லையே, உனக்குக்கூட வேலை தெரியுதே!" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 16
அக்காவின் கொடியில் மஞ்சள் திட்டு.

ஏப்ரல் 17
இரண்டு வீட்டு இலைகளையும் நர்சரிக்கு எடுத்துப் போனேன். என் இலையைக் காட்டுவதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுலயும் இருக்கு சார்."

"வராதுன்னீங்களே?"

"தாங்கும்னுதான் சொன்னேன். உள்ள இருக்கும், வெளிய காட்டாது. சாறு பட்டா அடுத்த செடிக்குத் தொத்திக்கும். ரெண்டுக்கும் ஒரே கத்தரிக்கோலா?"

மருந்து உண்டா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

ஏப்ரல் 18
அக்கா வெளியே போன நேரம் பார்த்து எட்டுக் கொடிகளையும் பிடுங்கிப் போட்டேன். காயும் பூவுமாக இருந்த கொடிகள். என்ன பிரயோஜனம்? அவளுடையது நேற்றைவிட இன்று மோசம்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எப்படிச் சொல்றது — நான்தான்க்கா கெடுத்தேன்னா?

ஏப்ரல் 22
தலைவலி என்று சொல்லி நாலாவது நாளாக அந்தப் பக்கம் போகவில்லை.

மே 5
விதைக்கு விட்டிருந்த காயும் கோணலாகி வெம்பி விழுந்துவிட்டது. அக்கா கொடியில் இனி ஒன்றுமில்லை.

மே 7
அக்கா வந்தாள். என் வெறும் பந்தலைப் பார்த்து, "உனக்கும் போச்சாடா?" என்றாள்.

கையில் ஒரு தீப்பெட்டி. அதில் நாலு விதை. மார்ச்சில் போட்டதுபோக மிஞ்சியவை.

"அவரோடது இவ்வளவுதான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு, நீ போடு. உன் கை பட்டா வரும்."

"அக்கா, அந்தக் கொடி..."

"விடுடா. செடிக்கு வந்த நோய்க்கு யாரு என்ன செய்ய முடியும்?"

வாங்கிக்கொண்டேன்.

மே 13
கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தாயிற்று. மண்ணும் தொட்டியும் புதிது. ஆனாலும் கிட்டே போகவே பயமாக இருக்கிறது.

காலையில் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "எத்தனைடா முளைச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"மூணு" என்றேன்.

அதை மட்டும்தான் சொன்னேன்.