பின்தலையைக் காட்டும் கண்ணாடி

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், பாப்பா பள்ளிக்கும் நான் கடைக்கும் போகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீ வேலை செய்யும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்ததா? அவரைத் தனியாகத் தூக்காதே.

பாப்பா ஏன் எப்போதும் தலையில் துண்டோடு வருகிறாள் என்று வீடியோ போனில் மூன்று மாதமாகக் கேட்கிறாய். ஈரத்தலை என்று புளுகினேன். போனில் உண்மையைச் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அவள் பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் கடிதம்.

அவள் பின்தலையில் செதில் உதிர்ந்தபோது பொடுகு என்றேன். இருபது வருஷமாக முடி வெட்டுகிறவன், எனக்குத் தெரியாத தலையா என்ற கொழுப்பு. எண்ணெய் தேய்த்தேன், பொடுகு ஷாம்பு போட்டேன். வட்டமாக முடி கொட்டியதும் சொரியாசிஸோ என்று பயந்து, மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பைத் தடவினேன். அரிப்பு அடங்கியது, உள்ளுக்குள் பரவியிருக்கிறது. பிறகு கட்டி போல வீங்கிச் சீழ் வைத்துவிட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. பொடுகில் முடி இப்படி ஒடியாது, சொரியாசிஸ் என்றால் செதில் தடிப்பாக, வெள்ளையாக இருக்கும், இது படர்தாமரை என்றார். தோலோடு ஒடிந்து கரும்புள்ளியாக நின்ற முடியையும், கழுத்தில் நெறி கட்டியிருந்ததையும் காட்டினார். பூஞ்சை முடியின் வேரில் இருப்பதால் களிம்பும் ஷாம்பும் போதாதாம், வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். நோய் போய்விட்டது, ஆனால் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. "அந்த இடத்துல இனிமே முளைக்காதுங்க. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார்.

பள்ளி திறக்கும் முன் அவளுக்குக் கடை மெஷினால்தான் முடி வெட்டினேன். அதிலிருந்து ஒட்டியதா என்று டாக்டரம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு தலைக்குப் பிறகும் பிளேடையும் சீப்பையும் கழுவிக் கிருமி கொல்லும் மருந்தில் போடுகிறேன். ஆஸ்பத்திரியா நடத்துகிறாய் என்று வருகிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

போன வாரம் அவள் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கேப்பா, அம்மா வர்றதுக்குள்ள முளைச்சிடுமா?" என்று கேட்டாள். முளைத்துவிடும் என்றேன். முடி விஷயத்தில் அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். வகுப்பில் கேலி செய்தவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள்.

வெட்டி முடித்ததும் பின்தலையைக் காட்டுவேனே, அந்தக் கைக்கண்ணாடியைப் பரண்மேல் ஒளித்துவிட்டேன். அவளிடம் உடைந்துவிட்டது என்றேன். நீ வாங்கி வரவேண்டிய சாமான் பட்டியலில் அப்பாவுக்குக் கண்ணாடி என்று உடனே முதலாவதாக எழுதிவிட்டாள். அவள் கையெழுத்திலேயே இதோடு வைத்திருக்கிறேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வந்து சேர். பட்டியலில் உள்ள மற்றதெல்லாம் வாங்கி வா, கண்ணாடியை மட்டும் மறந்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்