சுண்டுவிரல் வளைந்த கால்

செந்துறை, 1946 தை

சென்னையில் டாக்டருக்குப் படிக்கும் மகனுக்கு,

நான் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதுகிறார். நீ செதுக்கி ரயிலில் அனுப்பிய மரக்கால் வந்தது. உன் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மாட்டுக் கொட்டகையில் எறியச் சொன்னேன்.

அப்போதுதான் பார்த்தேன். சின்ன வயதில் என் கலப்பையிலேயே உளி வைத்துப் பூ செதுக்கியவன், இப்போது என் சுண்டுவிரல் வளைந்திருந்ததைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறாய்.

அந்த விரல் உனக்கு ஞாபகம் இருக்கிறது. புண் அழுகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "வெட்டச் சொல்லாதடா, செத்தாலும் காலோட போறேன்" என்று உன்னைக் கும்பிட்டேனே, அது மறந்துவிட்டதா? "எடுத்துடுங்க சார்" என்று பெரிய டாக்டரிடம் என் தலைமாட்டில் நின்றே சொன்னாய்.

கொட்டகையிலிருந்து அதை எடுத்துவரச் சொல்லிவிட்டேன். நடக்கப் பழகுகிறேன். உன் எதிரே வந்து நின்றுதான் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்